கணக்கில் வராத பின்னறை

எங்கள் அக்கா லாரிக்குப் பயப்பட மாட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எதிரே வருகிற லாரி ஒதுங்கவில்லை என்றால் வேனை நடுரோட்டிலேயே நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்த டிரைவர் ஏன்தான் இந்த வேலைக்கு வந்தோம் என்று நொந்துகொள்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்வாள். ஒரு வருஷம் முழுக்க வேனில் ஹாரன் வேலை செய்யவில்லை, யாருக்கும் தெரியவே இல்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன் ஆன்ட்டி. அப்படிப்பட்டவள், முத்திரை குத்திய காகிதம் ஒன்று வாசலில் வந்து விழுந்தால் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்குவாள். ஒரு தடவை விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சும்மா சொல்லவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நானும் அவளும் ஓரகத்திகள். அவள் அண்ணனைக் கட்டியவள், நான் தம்பியைக் கட்டியவள். ஓரகத்திகள் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எங்கள் மாமியார் நினைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேருமே பூனையாகப் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு வாய் நீளம், அவளுக்குச் சத்தம் அதிகம். மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் கொத்தனார். குடும்பத்திலேயே அவரைக் கொத்தனார் என்றுதான் சொல்வோம். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டைக் கட்டுவார், ஞாயிற்றுக்கிழமையானால் தன் வீட்டைக் கட்டுவார். வாங்கும்போது அந்த வீட்டில் ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும் மட்டும்தான் இருந்தன. மகள் பிறந்ததும் பின்னால் ஓர் அறை எழும்பியது. மகள் வளர்ந்ததும் பின்னறைக்குள்ளிருந்தே படி வைத்து மேலே ஓர் அறை. கையில் கொஞ்சம் மணல் கிடைத்துவிட்டால் மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியாது. சமையலறை ஜன்னலை மட்டும் மூன்று தடவை பெயர்த்து வைத்தார், அடுப்பின் மேல் வெளிச்சம் சரியாக விழவில்லையாம். சுவர் ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

ஆனால் கட்டியதில் ஒன்றைக்கூட எந்த ஆபீஸிலும் போய்ச் சொல்லவில்லை. "ஒரு ரூமைக் காட்டினா வரி ஏறும். வரி ஏறினா அனுமதி எங்கேன்னு கேப்பான். அனுமதி இல்லைன்னா இடிப்பான். பேசாம இரு" என்பார். ஊரார் வீட்டுக்கெல்லாம் அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறவர், தன் வீட்டுக்கு மட்டும் இப்படி. சொத்துப் பதிவேட்டில் அந்த வீடு கடைசிவரை ஒரு முன்னறை, ஒரு சமையலறை. அதைச் சொல்லிச் சிரிப்பார். அப்போது நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம்.

அந்தத் தெருவே அப்படித்தான். எல்லோருக்கும் பின்னறை கட்டிக் கொடுத்தவர் அவரே. அதனால் எல்லா வீட்டிலும் முன்னறையின் பின்சுவரில், இடது ஓரத்தில், ஒரே மாதிரிக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி அலமாரி. சில வருஷத்துக்கு ஒருமுறை வரி ஆபீஸிலிருந்து அறைகளை எண்ண ஆள் வருவார். தெருமுனையில் முதல் வீட்டில் ஒரு பழைய பஸ் கண்டக்டர் இருக்கிறார். அவர் ஆளைப் பார்த்ததும் மாடிக் கம்பியில் ஒரு சிவப்புப் போர்வையைத் தொங்கவிடுவார். அவ்வளவுதான், தெரு முழுக்க அலமாரிகள் நகர்ந்து கதவை மறைத்துக்கொள்ளும். மேலே இருக்கிற அறை தெருவுக்குத் தெரியாதபடி பின்னுக்குத் தள்ளிக் கட்டியது. எட்டிப் பார்த்தால் தகரம் மட்டும் தெரியும். கேட்டால் தண்ணீர்த் தொட்டி என்பார்கள். ஒரு தெருவுக்கு எத்தனை தண்ணீர்த் தொட்டி என்று அந்த வரிக்காரர் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு தடவை நான் அங்கே இருக்கும்போதே வந்துவிட்டார். மகளுக்கு அப்போது சின்ன வயது, காய்ச்சலோடு பின்னறையில் படுத்திருந்தாள். எழுப்பி வெளியே கூட்டிவர நேரமில்லை. அலமாரியைத் தள்ளிவிட்டோம். வரிக்காரர் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவர் டம்ளரை வாயில் வைத்த நேரம், அலமாரிக்குப் பின்னால் பிள்ளை இருமினாள். அக்கா உடனே தானே இரும ஆரம்பித்தாள். பிள்ளை இருமும்போதெல்லாம் அவளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர இருமினாள். அவர் பாவம், "மருந்து ஏதாவது சாப்பிடுங்கம்மா, இப்படி விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் கதவைத் திறந்தால் பிள்ளை சுவரோரம் ஒடுங்கி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஆபீஸ் என்றாலே கிலி பிடித்தது என்று நினைக்கிறேன். கொத்தனாருக்கு அது விளையாட்டு. அவளுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வாசலில் புதிய ஆள் யார் நின்றாலும் முதலில் அவள் கண் அலமாரியைத்தான் பார்க்கும்.

சில வருஷம் முன்பு கொத்தனார் போய்ச் சேர்ந்தார். ஒரு சாயங்காலம் நெஞ்சு வலி, முன்னறையிலேயே முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தகவல் வந்தது. அடுத்த வருஷம் மகள் புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள். மாடி அறை அவளுக்கு, பின்னறை அக்காவுக்கு. வேனுக்கு வயதாகிவிட்டது, அக்காவுக்கும்தான். அந்த மூன்று பேருக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு நாதி கிடையாது.

இந்த நிலைமையில்தான் நோட்டீஸ் வந்தது. தெருவுக்குப் பின்னால் ஓடுகிற பெரிய வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்களாம். தெருவின் ஒரு பக்கம் முழுக்க எடுத்துக்கொள்வார்கள், இழப்பீடு கொடுப்பார்கள். பதிவேட்டில் உள்ள கட்டடத்துக்கு மட்டும்தான் இழப்பீடு. பதிவில் இல்லாததெல்லாம் பணத்துக்காக நோட்டீஸுக்குப் பிறகு எழுப்பியதாகவே வைத்துக்கொள்ளப்படும். பதிவு தவறு என்கிறவர்கள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம், சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். குரலே வரவில்லை. வேறு யாரோ என்று நினைத்து யார் பேசுவது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள். "நம்ம வீடு ஒரு ரூமாம்."

அன்றைக்கே போனேன். ஒரு முன்னறைக்கும் ஒரு சமையலறைக்கும் கொடுக்கிற பணத்தில் இந்த ஊரில் மாட்டுக்கொட்டகைகூட வாங்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மகளும் பேத்தியும் எங்கே போவார்கள் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுவைக் கொடுத்து எல்லா அறையையும் காட்டிவிடலாம் என்று நான் சொன்னதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

"காட்டினா பிடிச்சிட்டுப் போயிருவாங்க."

"யாரைப் பிடிப்பாங்க? கொத்தனாரையா? அவர் எங்கயோ நிம்மதியா இருக்காரு."

"கேலி பண்ணாத. இத்தன வருஷ வரியை வட்டியோட கேப்பாங்களாம். அனுமதி இல்லாத ரூமை இடிப்பாங்களாம். இடிச்ச கூலியையும் நம்மகிட்டயே வாங்குவாங்களாம். எதிர்வீட்டுக்காரி சொன்னா."

எதிர்வீட்டுக்காரிக்கு யார் சொன்னார்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்குச் சொன்னது கண்டக்டர், கண்டக்டருக்கு யாரோ. தெருவே அரண்டுபோயிருந்தது. ஆனால் மனு கொடுக்க ஒருத்தரும் தயாரில்லை. "முதல்ல நீங்க குடுங்கம்மா. உங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு நாங்க குடுக்கிறோம்" என்று கண்டக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வெட்கமே இல்லாமல் சொன்னாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அந்த நாட்களில் அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பச்சை விளக்கில் வேனை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையை அதன் வீட்டு வாசலில் இறக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு போலீஸ்காரர் வழி கேட்க வேனை நிறுத்தினார். அவளுக்கு வியர்த்து ஊற்றியதாம். அவர் கேட்டது என்னவென்றே காதில் விழாமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாளாம். மகள் இதையெல்லாம் எனக்குப் போனில் சொல்லி அழுதாள்.

எனக்கும் பயம்தான், மறைப்பானேன். வா வா என்று இழுக்கிறவள் நான், மாட்டப்போகிறவள் அவள். இப்போது பேசாமல் இருந்தால் கொஞ்சமாவது கிடைக்கும். காட்டப்போய் அதுவும் போய்விட்டால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? இருந்தும் கையைப் பிடித்து ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். லாரி டிரைவர்களை அலறவைக்கிறவள், சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையெல்லாம் ஈரமாக. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "முன்னறை ஒண்ணு, சமையலறை ஒண்ணு" என்றார்.

"இன்னும் ரெண்டு ரூம் இருக்குங்க" என்றேன்.

"எங்க இருக்கு?"

"வீட்லதாங்க."

"வீட்ல இருக்கலாம். இங்க இல்லையே." கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். "கட்டினப்பவே வந்து பதிஞ்சிருந்தா இன்னைக்கு இந்தப் பாடு இல்ல. வரி கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். அனுமதியும் அந்தக் காலத்துல கேட்டா குடுத்திருப்பாங்க. இப்ப வெறும் வாயால சொன்னா யார் ஒத்துக்குவா? எழுதிக் குடுங்க, சர்வேயர் வருவாங்க. அவங்க கண்ணால பாத்து எழுதினாத்தான் உண்டு. ஒரு தடவைதான் வருவாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

மனுவை நான்தான் எழுதினேன். பின்னறை ஒன்று, மாடியில் ஓர் அறை. அக்கா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சர்வேயர் வருகிற நாள் தெரிந்ததும் முதல் வேலையாக அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். கதவு பளிச்சென்று தெரிந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள், ஏதோ ஆடையில்லாமல் நிற்கிற மாதிரி. அன்று காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள், லீவு கிடைக்கவில்லை. அக்காவின் அடையாள அட்டைக்கு நகல் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை எடுக்க நான் தெருமுனைக் கடை வரைக்கும் போனேன். அவளைத் தனியாக விட்டுப் போயிருக்கக் கூடாது.

நகலை எடுத்துக்கொண்டு திரும்பினால், கண்டக்டர் வீட்டு மாடிக் கம்பியில் சிவப்புப் போர்வை தொங்கிக்கொண்டிருக்கிறது.

தோளில் பையும் கையில் அளவு டேப்புமாக ஆபீஸ் ஆள் ஒருத்தி தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்திருக்கிறார். கை பழகின பழக்கத்துக்குப் போர்வையை எடுத்துப் போட்டுவிட்டது. தெரு முழுக்க அலமாரிகள் இழுபடுகிற சத்தம் கிர்ர் கிர்ர் என்று கேட்டது. செருப்பு ஒன்று கழன்று விழ, அதை விட்டுவிட்டே ஓடினேன்.

ஓடி என்ன பிரயோஜனம். உள்ளே சர்வேயர் முன்னறையை அளந்துகொண்டிருந்தார். அலமாரி பழைய இடத்தில், கதவை மறைத்துக்கொண்டு. அக்கா அதில் முதுகை ஒட்டி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை கனமான அலமாரியை ஒற்றை ஆளாக எப்படித் தள்ளினாள் என்று தெரியவில்லை. ஏன் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்பது மட்டும் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

சர்வேயர் சமையலறையையும் அளந்துவிட்டு வந்தார். "மனுவுல பின்னறை, மாடின்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா இருக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"இருக்கு மேடம். அந்த அலமாரிக்குப் பின்னாடி கதவு" என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"ஓரகத்தி."

"ஓனர் சொல்லட்டும்மா. அவங்க காட்டாம நான் எதையும் எழுத முடியாது." கொஞ்ச நேரம் காத்திருந்தார். நல்ல பொறுமைசாலிதான். ஆனால் அவருக்கு இன்னும் எத்தனையோ தெரு இருக்கும். காகிதத்தை மேஜையில் வைத்து, "முன்னறை, சமையலறை. வேற ஒண்ணும் இல்லைன்னா இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அக்கா பேனாவை வாங்கினாள். "அக்கா, பேத்தியை நெனச்சுக்கோ" என்றேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குனிந்தாள். பேனா காகிதத்தில் பட்டது. ஒரு கையெழுத்தில் எல்லாம் போகப்போகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குள் சர்வேயர் எதையோ கவனித்துவிட்டு, "இந்தச் சுவரை முழுசா அளக்கல. இதைக் கொஞ்சம் நகத்திக்கறேன்" என்று அலமாரியில் இரண்டு கையையும் வைத்தார்.

"தள்ளாதீங்க" என்றாள் அக்கா.

அவர் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"தள்ளாதீங்க மேடம். இதத் தள்ளித்தான் அவர் செத்தாரு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்கா பேனாவைப் பிடித்தபடியே பேசினாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"அவருக்கு நெஞ்சு வலிச்சது இங்க இல்ல. உள்ள, பின்னறையில. படுத்திருந்தாரு. வேர்த்துக் கொட்டுது. நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் போனேன். பண்ணாத, கவர்மென்ட் வண்டி, ஆளுங்க உள்ள வருவாங்க, ரூமைப் பாத்துருவாங்கன்னாரு. அவரே எந்திரிச்சு முன்னாடி வந்தாரு. வந்து இதைத் தள்ளினாரு. நான் இந்தப் பக்கம் பிடிச்சேன். விடுங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல மேடம். எனக்கும் பயம். கதவை மறைச்சப்புறம், இப்பப் பண்ணுன்னாரு. நான் நம்பர் போடுறதுக்குள்ள கீழ உக்காந்துட்டாரு."

இது எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் இந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நாங்கள் ஊர்க்கதையெல்லாம் பேசியிருக்கிறோம்.

சர்வேயர் அலமாரியிலிருந்து கையை எடுத்துவிட்டார். மேஜையில் இருந்த தண்ணீரை அக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு, "நான் தள்ளல. நீங்க தள்ளுறீங்களா?" என்றார்.

அக்கா தண்ணீரைக் குடிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அலமாரியின் ஓரத்தைப் பிடித்தாள். நான் மறுபக்கம் போனேன். அது நகரும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

உள்ளே சர்வேயர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஜன்னலோரம் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி, ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை பூச்சு என்று பார்த்தார். ஜன்னல் கம்பியின் துருவைத் தடவிப் பார்த்தார். "பழசுதான். பாத்தாலே தெரியுது, நான் அப்படியே எழுதுறேன்" என்றார். டேப்பின் ஒரு நுனியை அக்காவிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேலேயும் போய் அறையை அளந்தார்கள். இறங்கி வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னார். பழைய வரியைக் கட்டாயம் பிடிப்பார்கள், அதோடு அபராதமும் உண்டு. மாடிக்கு அனுமதி இல்லாததால் பாதிதான் வரும். பின்னறைக்கும் அனுமதி இல்லைதான், ஆனால் தரைத்தளத்து அறை என்பதால் முழுசாக வரும். யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

"எடுத்ததுபோக இன்னொரு சின்ன வீடு வாங்குற அளவுக்கு வரும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் அலமாரி இதே இடத்துலதானா?" என்று கேட்டார். வாசலில் கண்டக்டர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "நாங்களும் மனு குடுத்தா வருவீங்களாம்மா?" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. இனி ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் கையெழுத்தைப் போட்டு இந்த அம்மாவை அனுப்பிவிட வேண்டும், மனசு மாறிவிடப் போகிறது என்று பறந்துகொண்டிருந்தேன். சர்வேயர் எழுதியதைப் படித்துக் காட்டினார். "கீழே முன்னறை, சமையலறை, பின்னறை. மேலே ஓர் அறை. எல்லாம் சரியாம்மா? இதுக்கப்புறம் மாத்த முடியாது."

"சரி மேடம், எல்லாம் சரி" என்றேன் அவசரமாக.

அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே, அறைக்குப் பின்னால், தகரக் கதவுக்கு அந்தப் பக்கம், கொத்தனார் மகளுக்காக ஆரம்பித்த குளியலறை ஒன்று இருக்கிறது. சாகிற வாரம்வரை அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அதை மனுவில் எழுத வேண்டாம் என்று விட்டது நான்தான். அரைகுறைக் கட்டடம், புதிதாகக் கட்டுகிறார்கள் என்று நினைத்து மற்றதையும் நம்பாமல் போய்விடுவார்களோ என்ற பயம். அக்காவின் கையை அழுத்தினேன். போதும் என்று கண்ணால் சொன்னேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல மேடம்" என்றாள். "மேல ஒரு பாத்ரூம் விட்டுப்போச்சு. பூச்சு முடியல. ஆனா இருக்கு."

சர்வேயர் மூடிய டேப்பை மறுபடியும் எடுத்தார். அக்கா அவருக்கு முன்னால் படியேறினாள்.